கொஞ்சம் சுமாராக

மூத்தவள் வாங்கிய பட்டத்தின் பெயர் கொஞ்சம் நீளம். கட்டடக்கலைப் பொறியியல். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் அதை ஒரே மூச்சில் சொல்ல அப்பா பழகி வைத்திருந்தார். "ஆர்க்கிடெக்டா, இன்ஜினியரா?" என்று யாராவது கேட்டால், வெட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டும்தான்" என்பார். கட்டர் கீச்சென்று ஒரு கோடு போடும். மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகும். மகள் விஷயத்திலும் அவருக்கு அவ்வளவு நிச்சயம் இருந்தது.

பள்ளிக்கூடம் முடித்தபோது அவள் கேட்டது ஆர்க்கிடெக்சர். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அப்பாவோடு ஜன்னல் அளவெடுக்கப் போவாள். பாதி கட்டி நிற்கும் வீடுகள். சிமென்ட் வாசனை, காலில் குத்தும் ஆணி, மேலே சாரத்திலிருந்து கத்தும் ஆட்கள். அப்பா டேப்பை நீட்டி அளந்துகொண்டிருக்க, இவள் கூரையில்லாத அறைகளின் நடுவில் நின்று, இந்த ஜன்னலை அந்தச் சுவரில் வைத்திருந்தால் சாயங்கால வெயில் இப்படி அடிக்காதே என்று யோசிப்பாள். சொன்னால் அப்பா சிரிப்பார். "வாயை மூடிக்கிட்டு டேப்பைப் பிடி. ஜன்னல் எங்க வேணும்னு சொல்றதுக்கு ஒருத்தர் கார்ல வருவாரு."

அந்தக் காரில் வருகிற ஆளாகத் தான் ஆக வேண்டும் என்று அவள் சொன்னபோது அப்பாவுக்குப் படிப்பின் மேல் ஆட்சேபம் இல்லை. வருடத்தின் மேல்தான் ஆட்சேபம்.

"அஞ்சு வருஷமா? இன்ஜினியரிங்னா நாலு வருஷத்துல வேலை முடிஞ்சுது. பொண்ணை எத்தனை காலத்துக்குப் படிக்க வச்சிக்கிட்டே இருக்கறது?"

வீட்டில் ஒரு வாரம் மூஞ்சி தூக்கல் நடந்தது. அவள் சாப்பிடவில்லை, அப்பா பேசவில்லை, அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் தையல் மிஷினை ஓங்கி மிதித்தாள். அம்மா திரைச்சீலை தைக்கிறவள். கண்ணாடி போட்ட வீடுகளுக்கெல்லாம் திரை இங்கிருந்துதான் போகும். கடைசியில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு கல்லூரியின் விளம்பரத்தோடு வந்தார். "இங்க பாரு, பேர்லயே ரெண்டும் இருக்கு. கட்டடக்கலையும் இருக்கு, பொறியியலும் இருக்கு. வருஷம் நாலு. உங்கப்பாவுக்கும் சரி, உனக்கும் சரி. போதுமா?"

எல்லோருக்கும் போதும். அவளுக்கும்தான். மாமாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இடுப்பில் உட்காரவைத்திருந்த தம்பி, அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தவன், எதற்கென்று தெரியாமல் கைதட்டினான். அன்றைக்கு அவளை யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் பிற்பாடு கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

படிப்பு முடிந்து, ஒரு ஆர்க்கிடெக்ட்டிடம் பயிற்சிக் காலமும் முடிந்து, லைசென்ஸ் வாங்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பதிவு அலுவலகத்தில் கீழ்த்தளம் ஆர்க்கிடெக்டுகளுக்கு, மேல்தளம் இன்ஜினியர்களுக்கு. கீழே இருந்தவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்ஜினியரிங் பட்டம்மா. நாங்க தொட முடியாது. மேல போய்க் கேளுங்க."

மேலே இருந்த அம்மாள் பாடங்களின் பெயரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். "பேரு பொறியியல்னு இருக்கு. ஆனா பாதி வெளிச்சம், காத்து, வரைபடம்னுல்ல இருக்கு? கட்டுமானக் கணக்கு எங்களுக்குப் பத்தாது. இது ஆர்க்கிடெக்ட் பக்கம். கீழ கேட்டீங்களா?"

"கீழதான் மேல போகச் சொன்னாங்க."

"அப்படியா?" அந்த அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. ரெண்டுல ஏதாவது ஒண்ணை மறுபடி முதல்லேர்ந்து படிச்சிடுங்க."

பஸ் போய்விட்டது, அடுத்ததில் வாருங்கள் என்கிற மாதிரிதான் சொன்னாள்.

வீட்டில் வந்து சொன்னபோது அப்பா வெகுநேரம் கட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பேர்ல ரெண்டும் இருந்துச்சே" என்றார். மாமா கொஞ்ச காலம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பயிற்சி எடுத்த அலுவலகத்திலேயே அவள் தங்கிவிட்டாள். சார் நல்லவர். தலைக்குச் சாயம், சட்டைப் பையில் இரண்டு பேனா, பேச்சில் எப்போதும் ஒரு 'நாம'. "நாம அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நல்ல படிக்கட்டு வச்சோம்" என்பார். படிக்கட்டை வைத்தது அவள். ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் விட்டு, கைப்பிடியைக் கிழவர்களின் கைக்கு எட்டும்படி தாழ்த்தி, மூன்று முறை அழித்து வரைந்தவள் அவள். ப்ளான் தயாரானதும் சாரின் மேசையில் விரிப்பாள். "கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்பார். விரலால் காட்டுவாள். போடுவார். இப்படியே போனது அவளுடைய இருபதுகள்; முப்பதுகளும் பாதி வழிக்கு வந்துவிட்டன. கல்யாணப் பேச்சுகள் வந்தன, நின்றன, பிறகு வருவதும் நின்றது. அப்பாவுக்கு மூட்டு தேய்ந்து பெரிய கண்ணாடிகளைத் தூக்க முடியாமல் போனது. கடை பாதி நாள்தான் திறந்தது. வீடு அவள் சம்பளத்தில் ஓடியது.

அந்த வருடக் கோடையில், மின்விசிறி சுற்றியும் காகிதமெல்லாம் வியர்த்த ஒரு மத்தியானத்தில், சார் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"இன்னும் ஆறேழு வருஷம் ஓட்டுவேம்மா. அப்புறம் முடியாது. பையன் வெளிநாட்ல செட்டில் ஆயிட்டான். இந்த ஆபீசை உங்கிட்டயே குடுத்துட்டுப் போகணும்னு ஆசை. வேலை பூரா நீதானே பாக்கறே? ஆனா லைசென்ஸ் வேணுமே. உங்க வீட்ல யாராவது ஆர்க்கிடெக்ட் இருந்தாக்கூடப் போதும்."

அவள் அன்று மாலையே ஒரு கல்லூரிக்குப் போய் விசாரித்தாள். வயது வரம்பு இல்லை என்றார்கள். பழைய படிப்பில் எதையும் கழித்துக்கொள்ள மாட்டார்களாம், முதல் வருடத்திலிருந்து வர வேண்டும். பரவாயில்லை. ஐந்து வருடம் படிப்பு, பிறகு பயிற்சி. சார் சொன்ன கணக்குக்குச் சரியாக வரும். சனி ஞாயிறுகளில் அலுவலக வேலை பார்க்கலாம். வீட்டுக்கு நடந்து வரும்போது, பள்ளிக்கூடப் பையை மாட்டிய பெண்கள் எதிரில் வந்தார்கள். அவளுக்குத் தானாகவே சிரிப்பு வந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோறும் பொரித்த உருளைக்கிழங்கும். தம்பி கைகூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டான் என்று அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். அவன் பள்ளி முடித்து, தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் சும்மா உதவிக்குப் போய்க்கொண்டிருந்தான். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். வீட்டில் அவனுக்கு மெக்கானிக் என்றே பெயர்.

"சார் ஆபீசை எனக்கே தர்றேங்கறார்ப்பா" என்றாள்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "என்னது?"

சொன்னாள். "லைசென்ஸ் ஒண்ணுதான் வேணும். அதுக்கு அஞ்சு வருஷம் படிக்கணும்."

"அஞ்சு வருஷம்தானே?" அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்!"

இத்தனை வருடம் கழித்து, இவ்வளவு சுலபமாகவா? ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள், அப்பா பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல. தம்பியை.

"நம்ம பையன் படிச்சிடுவான்" என்றார்.

தம்பி வாயில் சோற்றோடு நிமிர்ந்தான். "நானா? எனக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கிடைச்சிடும்னு சொல்லிட்டாங்கப்பா. ஒர்க்‌ஷாப் அண்ணன்கூட—"

"ஒர்க்‌ஷாப் அண்ணன் கிடக்கறான். இன்ஜினியரு தெருவுக்கு நாலு பேர் இருக்கான். இது தானா வர்ற ஆபீசு. அக்கா வரையட்டும், நீ கையெழுத்துப் போடு. ஆளும் நம்ம ஆளு, பேரும் நம்ம பேரு. வேறென்ன வேணும்?"

"நான் என்னைச் சொன்னேம்ப்பா" என்றாள் மூத்தவள்.

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "எதுக்கு?"

"படிக்கறதுக்கு. விசாரிச்சிட்டு வந்துட்டேன். வயசெல்லாம் கேக்க மாட்டாங்களாம்."

"அவங்க கேக்க மாட்டாங்க. ஊர்ல கேப்பாங்க" என்றாள் அம்மா. "இனிமே நீ போய்ச் சின்னப் பிள்ளைங்களோட பெஞ்சுல உக்காருவியா? அப்புறம் இங்க அடுப்பு எரியறது எப்படி? அப்பா மூட்டு எரிக்குமா, என் மிஷினு எரிக்குமா?"

"அவன் படிக்கிறதுக்கு மட்டும் எப்படி எரியும்?"

"அதுக்கு நீ இருக்கியே!"

அம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அது அவளுக்கு அவ்வளவு சாதாரணமான விஷயம்.

மூத்தவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்ப அஞ்சு வருஷம் ரொம்ப அதிகமா இருந்துச்சு. இப்ப எப்படிப்பா கொறைஞ்சுது?"

"அப்ப நிலைமை வேறம்மா."

"என்ன வேற?"

"உன்னைச் சீக்கிரம் படிக்க வச்சு, நல்ல இடமாப் பாத்துக் கட்டிக்குடுத்துடணும்னு நெனச்சேன்."

"குடுத்தீங்களா?"

தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான். அப்பா தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, மெதுவாக, "சாப்பாட்டைப் போட்டுக்கிட்டு ஏம்மா பழசைக் கிளர்றே" என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அதனால் அவளால் மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை.

அடுத்த சில நாட்கள் அவர்கள் அவளோடு சண்டை போடவில்லை. தம்பியோடுதான் போட்டார்கள். அவன் மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். ஒரு நாள் அம்மா திரைச்சீலைக்கு மடிப்புப் பிடிக்க அவளைக் கூப்பிட்டாள். கனத்த துணி. ஒருத்தி பிடிக்க ஒருத்தி ஊசி குத்த வேண்டும்.

"நீ சொன்னா கேப்பான்" என்றாள் அம்மா, வாயில் குண்டூசியோடு.

"நான் ஏன் சொல்லணும்?"

"வேற யாருக்காகடீ இதெல்லாம்? அவனுக்கா? உனக்குத்தான். அவன் ஒரு கையெழுத்து போட்டா ஆபீஸ் உனக்குத்தானே வருது? இல்லேன்னா சார் வேற எவங்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிடுவாரு. புதுசா வர்றவன் உன்னை வச்சிக்குவானா?"

இந்தக் கேள்விதான் அவளைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. அம்மா அதைச் சரியாகக் குத்தினாள், ஊசியைப் போல.

தம்பி பின்கட்டில் ஒரு பழைய தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். வானம் கருத்து, புழுக்கம் இறங்கி, முதல் காற்று வீசத் தொடங்கியிருந்தது. கழற்றிய திருகாணிகளை ஒரு தட்டில் கழற்றிய வரிசைப்படியே அடுக்கியிருந்தான். எந்த வேலையிலும் ஒழுங்கில்லாதவன் இதில் மட்டும் அவ்வளவு ஒழுங்கு.

"உன்னை அனுப்பிட்டாங்களா?" என்றான்.

"ம்."

"அக்கா, எனக்கு ஒரு வீட்டைப் பாத்தா கதவு எங்க இருக்குன்னு மட்டும்தான் தெரியும். உள்ள போகணும், வெளிய வரணும், அவ்வளவுதான். நீங்கள்லாம் நின்னு என்னத்தைப் பாக்கறீங்கன்னே எனக்குப் புரியாது."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"நீ நெஜமாச் சொல்லு. அவங்க சொல்றதை விடு. நீ போகாதேன்னு சொன்னா நான் போக மாட்டேன். யாரு கத்தினாலும் சரி. போன்னு சொன்னா போறேன்."

காற்றில் கொடியிலிருந்த துணி படபடத்தது. மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தட்டில் வரிசையாக இருந்த திருகாணிகளைப் பார்த்தாள். அவனுக்கு எது வரும், எது வராது என்று அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அலுவலகத்தின் கிழக்கு ஜன்னல் ஓரத்தில் அவளுடைய மேசை இருந்தது. சார் போன பிறகு அந்த மேசையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதாக ஒரு வாரமாகவே அவள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

"போ" என்றாள்.

அவளை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அவளாகத்தான் சொன்னாள். தம்பி திருகாணிகளை ஒரு டப்பாவில் அள்ளிக் கொட்டினான். வரிசை போயிற்று. மழை வந்தது, அவள் துணியெடுக்க ஓடினாள்.

கல்லூரி திறந்து முதல் மாதத்திலேயே வீட்டின் நடு அறை அவனுக்கானது. வரையும் பலகை, மூலைமட்டம், பேனாக்கள். செங்கல் சுவரை வரை, நாற்காலியை மூன்று பக்கமிருந்து வரை, எழுத்துகளை ஒரே உயரத்தில் எழுது என்று கொடுத்தார்கள். அவன் ஒரு கோடு போடுவான், அழிப்பான், திரும்பப் போடுவான். அழித்து அழித்துக் காகிதம் பொத்தலாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையைத் தள்ளிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"குடு, ஒரே ஒரு தடவை" என்றாள் அவள்.

அலுவலகத்தில் எல்லாம் கம்ப்யூட்டர். கையால் முழுப் படம் வரைந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆனால் பென்சில் காகிதத்தில் பட்டதும் கை நினைவு வைத்திருந்தது தெரிந்தது. செங்கல்லுக்கு மேல் செங்கல் எழும்பியது. நிழல் விழும் பக்கத்தைக் கொஞ்சம் அழுத்தினாள். அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும் காதில் விழவில்லை.

அந்தப் படத்தை வகுப்புச் சுவரில் குத்தி வைத்தார்களாம். தம்பி வந்து சொன்னான்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க."

"அவ்வளவுதானா? வேற என்ன சொன்னாங்க?"

"நிழல் பிரமாதம்னாங்க."

அவள் அடுப்படிக்குப் போய் வேலையில்லாமலே நின்றாள். சிரிப்பை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றிருந்தது. அடுத்த படத்தையும் அவளே வரைந்தாள். அதற்கடுத்ததையும். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். தம்பி பலகையையும் காகிதத்தையும் எடுத்துக்கொடுத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிவிடுவான்.

பிறகு ஒரு நாள் அவன் முகம் சிவக்க வீட்டுக்கு வந்தான். பையைத் தரையில் எறிந்தான்.

"கண்டுபிடிச்சிட்டாங்க."

வாத்தியாரம்மா எல்லார் முன்னாலும் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். இது நீ வரைந்ததா என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றிருக்கிறான். போர்டில் ஒரு கோடு போடு என்றிருக்கிறாள். போட்டிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது.

"'இது பழுத்த கை. உன் கை இல்ல'ன்னு சொல்லிட்டாங்க. அடுத்த படத்தைப் பாத்துட்டுத்தான் வச்சிக்கறதா அனுப்பறதான்னு முடிவு பண்ணுவாங்களாம்." அவன் அவளிடம் திரும்பினான். "உனக்கு என்னக்கா? கொஞ்சம் சுமாரா வரைஞ்சா என்ன கொறைஞ்சு போயிடும் உனக்கு?"

"அப்ப நீயே வரை."

"நான் வரைஞ்சா பெயிலு. நீ வரைஞ்சா மாட்டிக்குவேன். ரெண்டுக்கும் நடுவுல வேணும்."

அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். மூட்டைத் தடவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நடுவுல வரையேம்மா" என்றார். "அவ்வளவு நல்லாத் தெரிஞ்சவளுக்கு இது ஒரு கஷ்டமா?"

"அவன் படிக்கிற படிப்பை நான் எத்தனை நாளைக்குப்பா படிக்கறது?"

"உன் ஆபீசுக்குத்தானே?"

"எனக்குப் பிடிக்கலை, விட்டுடறேன்னு நான் சொல்லலையா?" என்றான் தம்பி. "மெக்கானிக்கல்லயும் இடம் முடிஞ்சு போச்சு. இதையும் விட்டா ஒண்ணுமில்ல. போன்னு சொன்னது நீதானேக்கா?"

அவள் தரையில் கிடந்த அவன் பையை எடுத்துச் சுவரோரம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. அடுத்த படம் ஒரு சின்ன அறை: ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு கட்டில். அவள் பலகையின் முன் உட்கார்ந்தாள். தம்பி பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் ஒரு கோட்டை இழுத்து, மூலையில் நிற்காமல் கொஞ்சம் தாண்டவிட்டாள்.

தம்பி எட்டிப் பார்த்தான். "இது வேணும்னே தாண்டவிட்ட மாதிரி இருக்கு. ஸ்டைலா இருக்கு."

அழித்தாள். ஜன்னலைக் கோணலாக வைத்தாள். கை தானாகப் போய் அதைச் சரிசெய்தது. திரும்ப அழித்தாள். கட்டிலைத் தப்பான அளவில் வரைந்தாள். தப்பும் அழகாக இருந்தது. இன்னொரு காகிதம். இன்னொன்று. நடு அறைத் தரையெங்கும் காகிதம். அவளுக்கு வியர்த்தது. மோசமாக வரைவதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"வரலையா?" என்றார் அப்பா, உள்ளிருந்து.

"வரலை" என்றான் தம்பி.

அம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். துணியைத் திருப்பிப் போட்டு அடுத்த ஓரத்தைப் பிடித்தபடி, ஏதோ சட்டியை மாற்றி வைக்கச் சொல்கிறவள் போல, "இடது கையால வரைஞ்சு பாரேன்" என்றாள்.

மூத்தவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்சிலை இடது கைக்கு மாற்றினாள். கோடு நடுங்கிக்கொண்டு புறப்பட்டது. நடுவில் ஒரு இடத்தில் தடித்தது, மூலைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி நின்றது. இரண்டாவது கோடு முதல் கோட்டோடு சேரவில்லை. ஜன்னல் சுவரிலிருந்து விழுந்துவிடும் போல இருந்தது.

"இதான்!" தம்பி துள்ளி எழுந்தான். மாதக்கணக்கில் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை. "இதான்க்கா! அப்படியே என் கை மாதிரி இருக்கு! நிறுத்தாதே, அப்படியே போ."

அவள் நிறுத்தவில்லை. காகிதம் நகராமல் வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டிலின் முதல் காலை வரையத் தொடங்கினாள். அப்பா அவளுக்கென்று டீ போட்டு எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். எப்போதும் வைக்கும் இடப்பக்கம் குனிந்தவர், அங்கே அவள் கை ஓடுவதைப் பார்த்து, இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கத்தில் வைத்தார்.